பகலில் பற்றும், ராத்திரியில் பற்றாது: செங்கோட்டைப் பக்கம் வந்த ஒரு பழைய பெல்லட் கிரில்

செங்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, மோட்டார் பம்ப், ஸ்டெபிலைசர்தான் தினசரி வேலை. இது அப்படி இல்லாத ஒன்று. சம்பந்தப்பட்ட குடும்பம் சம்மதித்ததால் எழுதுகிறேன், பெயர் யாருடையதும் வேண்டாம் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களிடம் இந்த மாதிரிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

பின்னணி

புளியரை போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. அதில் நாலு அறை கட்டி, குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் ஒரு கணவன் மனைவி. சாப்பாடு அந்தம்மா பொறுப்பு. பிரானூர் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதையே இவர்களும் செய்தால் யார் வாங்குவார்கள்? வேறு ஏதாவது வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் அருகே ஒரு வீட்டில் பெல்லட் கிரில் விலைக்கு இருக்கிறது என்று அந்தம்மாவின் தம்பி சொன்னார். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், பெண் கொடுத்து எடுப்பதிலிருந்து பழைய ஜீப் வரை எல்லாம் ஆரியங்காவு வழியாக இன்றைக்கும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது, இதுவும் அப்படி வந்ததுதான்.

பெல்லட் கிரில் பார்க்காதவர்களுக்கு: பக்கத்துப் பெட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த, ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சித் துண்டுகளைக் கொட்ட வேண்டும். அடியில் ஆகர் என்கிற திருகுத்தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருக்கும் இரும்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். கிண்ணத்தில் ஹாட் ராட் என்கிற சின்ன ஹீட்டர் கம்பி பற்றவைக்கும், ஒரு ஃபேன் ஊதிவிடும், கண்ட்ரோலர் சூட்டைப் பார்த்து எவ்வளவு தள்ளலாம் என்று முடிவு செய்யும். ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கியது, 1986ல் காப்புரிமை வாங்கினார், 2006ல் அது முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின. அதனால் உதிரி பாகங்கள் பல மாடல்களுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கின்றன. பழையது வாங்குகிறவனுக்கு இது ஒரு நல்ல விஷயம்.

வாங்கிய அன்று

விற்றவர் அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு வீட்டுச் சாமான்களோடு கண்டெய்னரில் இதையும் கொண்டுவந்தவர். ஏமாற்றுகிற ஆள் இல்லை. "அவிடெ ஒரு கொழப்பமும் இல்லாதெ ஓடியதா" என்றார், அது உண்மையும்கூட. இங்கே வந்தபிறகு பற்றவைத்ததே இல்லை என்பதை இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்விட்சைப் போட்டார், கண்ட்ரோலரில் எண் எரிந்தது, ஃபேன் சுற்றியது, மூடியைத் திறந்து பார்த்தார்கள், துரு அதிகமில்லை. 28,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். கூடவே ஒரு 110 வோல்ட் ஸ்டெப் டவுன் பெட்டியும் ஒன்றரை மூட்டை பெல்லட்டும் சும்மா கொடுத்தார். பழைய வீட்டுச் சாமான் என்று அவர் கையால் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பிக்கப்பில் ஏற்றி வந்தார்கள், செக்போஸ்டில் தொந்தரவு இல்லை.

முதுகில் ஒட்டியிருந்த தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. வோல்ட்டைப் படித்தார்கள், அதற்குத்தான் பெட்டி இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை சுழற்சி அடிக்கிறது என்ற எண்ணை, யாரும் படிக்கவில்லை.

முதல் சில வாரங்கள்

வந்த புதிதில் மத்தியானம் ஒரு நாள் பற்றவைத்து, கோழித் தொடை வைத்து, நன்றாக வந்திருக்கிறது. புகை வாசனை இறங்கி, உள்ளே சாறு நிற்க. அதில் விழுந்தவர்கள்தான். அப்புறம் விருந்தாளி வந்த ராத்திரிகளில் சண்டித்தனம் ஆரம்பித்தது. ஃபேன் ஓடும், பெல்லட் விழும், தீ வராது. அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். சில தடவை மூன்றாவது முறை பிடிக்கும். பிடித்தாலும் எண் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. 230 வரை போகும் என்று விற்றவர் சொன்ன அடுப்பு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு முறை பிடிக்காமல் போய், மூன்றாவது முறை மூடியின் இடுக்கெல்லாம் தடித்த மஞ்சள் வெள்ளைப் புகை கிளம்பியிருக்கிறது. பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்காரர் மூடியை ஒரு கையளவு தூக்கினார். 'டப்' என்று ஒரு சத்தம், மூடி மேலே எகிறி, அவர் புருவமும் வலது முன்கை முடியும் கருகின. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தது இதுதான்: பற்றாத ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் பெல்லட் குவிந்துகொண்டே போகிறது, குவியல் தீப்பிடிக்காமல் கனன்று எரியக்கூடிய வாயுவாக உள்ளே நிரம்புகிறது, மூடியைத் திறந்ததும் காற்று கிடைத்து மொத்தமாகப் பிடிக்கிறது. பற்றாமல் போனால் அணைத்து, ஆறவிட்டு, தட்டையெல்லாம் எடுத்துக் கிண்ணத்தைச் சுத்தமாகக் காலி செய்த பிறகுதான் அடுத்த முறை போட வேண்டும். இது எந்தக் கம்பெனி அடுப்புக்கும் பொருந்தும்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் அவர் "மெஷின் போச்சு அண்ணாச்சி, தள்ளிவிட்டுறலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தம்மா மட்டும் சமையல் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். எந்த நாள் எத்தனை மணிக்குப் போட்டது, பிடித்ததா இல்லையா என்று அரிசி பருப்புக் கணக்குக்கு நடுவில் எழுதியிருந்தார். "பகல்ல ஒழுங்கா பத்துது அண்ணாச்சி, ராத்திரி ஏழு எட்டு மணிக்குப் போட்டாத்தான் மொரண்டு பிடிக்குது." பாதி வேலை அந்த நோட்டிலேயே முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அளந்து பார்த்தது

முதலில் கரண்ட் இல்லாமல். ஹாட் ராடின் இரண்டு முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 72 ஓம். 120 வோல்ட்டில் அது 200 வாட் கம்பி, ஆக உடைந்துபோகவில்லை. சூடு பார்க்கும் சென்சார், பிளாட்டினம் கம்பி வகை, 30 டிகிரி வெயிலில் 1117 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. கிண்ணத்தின் அடியில் ஓட்டை இல்லை. ஆகர் கையால் திருகினால் சுற்றியது. மெஷின் போகவில்லை.

அடுத்து கரண்டோடு. பகலில் பிளக் பாயிண்டில் 228. பெட்டியின் வெளியீடு 109. ராத்திரி ஏழரைக்கு மறுபடி போய் அதே பாயிண்டில் வைத்தேன், 200. தோப்பு வீடு, லைனின் கடைசி, அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடுகின்றன, குறையத்தான் செய்யும். பெட்டி அதற்கேற்ப 95 கொடுத்தது. இந்த 109க்கும் 95க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஹீட்டரின் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தில் போகும். 109ல் அந்தக் கம்பி 165 வாட் தரும், 95ல் 125 வாட்தான். இந்தக் கண்ட்ரோலர் நாலு நிமிடம்தான் ஹாட் ராடுக்குக் கரண்ட் விடும், அதற்குள் பிடிக்கவில்லை என்றால் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பகலில் 165 வாட் எப்படியோ ஒப்பேற்றிவிட்டது, ராத்திரியில் 125 போதவில்லை. சாரல் ஈரம் ஏறிய பெல்லட் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, பற்றாததற்குக் காரணம் கிடைத்தது. பற்றிய பிறகும் 180ஐத் தாண்டாததற்கு? அதற்கு ஹெர்ட்ஸ்.

ஆகர் மோட்டார் தகட்டில் நிமிடத்துக்கு 2 சுற்று என்று இருந்தது. தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். கோடு ஒரு முழுச் சுற்று வர 30 நொடி ஆக வேண்டும், 36 நொடி ஆனது. பெட்டி வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது, இந்த வகை மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, நம்ம ஊர் 50ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். ஃபேனும் அதே வகை மோட்டார்தான், அதுவும் மெதுவாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், விறகும் காற்றும் சேர்ந்தே குறைந்ததால் தீ கெடவில்லை, சுத்தமாகத்தான் எரிந்தது, அளவில் சின்னதாக எரிந்தது. அதனால் 107 டிகிரியில் மெதுவாக வேகவைக்கும் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. முழுச் சூடு வேண்டும்போதுதான் மூச்சுத் திணறுகிறது.

மூன்றாவது ஒன்று. அதைப் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது, கோழி வேகாததைவிட அதுதான் பெரிய விஷயம். கிரில் உடம்பில் டெஸ்டரை வைத்தால் எரிந்தது. அந்த ஸ்டெப் டவுன் பெட்டி ஒரே காயிலில் நடுவில் கம்பி எடுத்த வகை, வெளியே வருவது இரண்டு துளை மட்டும், எர்த் கிடையாது. கிரில் பிளக்கின் மூன்றாவது உருண்டைப் பின்னை யாரோ இடுக்கியால் வெட்டிவிட்டிருந்தார்கள், இரண்டு துளையில் நுழையவில்லை என்று. அந்த வகைப் பெட்டியில் இங்கே பாயிண்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், 110 என்று நினைக்கும் வெளியீட்டில் ஒரு முனை தரைக்கு 230 வோல்ட்டில் நிற்கும், இன்னொன்று 120ல். இவர்கள் வீட்டில் மாறித்தான் இருந்தது. வெளியே மழையில் கிடந்த ஹீட்டர் கம்பிக்குள் ஈரம் இறங்கிக் கொஞ்சம் கசிகிறது, சாரலில் சிமெண்டுத் தரை நனைந்திருக்கிறது, அந்தம்மா வெறுங்காலோடு நின்று கறியைத் திருப்புகிறார். கை 'சுருக்' என்கிறது என்று இரண்டு தடவை சொன்னாராம், சூடு பட்டிருக்கும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

அன்றைக்கே அந்தப் பெட்டியைக் கழற்றி என் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். திருப்பித் தரவில்லை.

பதிலாக ஒரு கேவிஏ டிரான்ஸ்பார்மர் சுற்றினேன், இரண்டு காயிலும் தனித்தனியாக. உள்ளே வரும் பக்கத்தில் 200, 215, 230 வோல்ட்டுக்கு என்று மூன்று டேப், அதாவது காயிலில் இடையிடையே எடுத்த இணைப்பு, ரோட்டரி ஸ்விட்சில். ராத்திரி வோல்ட் இறங்கினால் மீட்டரைப் பார்த்து ஸ்விட்சைத் திருப்பினால் வெளியீடு 110லேயே நிற்கும். வெளிப்பக்கத்தில் ஒரு முனையை எர்த்தோடு கட்டி, இன்னொன்றில் ஃப்யூஸ், கிரில் உடம்புக்குத் தடித்த எர்த் கம்பி, பிளக்கை வெட்டிவிட்டு நம்ம மூன்று பின் பிளக். வீட்டுப் பாயிண்டில் பேஸையும் நியூட்ரலையும் சரி செய்தோம்.

ஏன் 120 சுற்றவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்வி. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை 50ல் ஓட்டினால் அதே வோல்ட்டுக்குக் காயில் அதிகம் சூடாகும். மோட்டாருக்குப் பொருத்தம் 100 வோல்ட். ஹாட் ராடுக்கு வேண்டியது 120. இரண்டும் ஒரே வயரில் இருக்கின்றன. 110ல் ராட் 168 வாட் தரும், மோட்டார் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஓடும், தொட்டால் கை வைத்திருக்க முடிகிற சூடுதான். அதற்கு மேல் ஏற்ற எனக்கு மனசில்லை.

பழைய கண்ட்ரோலர் என்பதால் புகை முறையில் ஆகர் 15 நொடி ஓடும், 65 நொடி நிற்கும். நம்ம கரண்டில் அந்த 15 நொடியில் பன்னிரண்டரை நொடிக்கான பெல்லட்தான் விழும். ஓய்வை 55 நொடியாகக் குறைத்து வைத்தோம், ஏறக்குறைய ஈடாகிவிட்டது.

கரண்ட் கட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே போட்டோம், சைன் வேவ் வகை என்பதால் டிரான்ஸ்பார்மருக்குப் பிரச்சினை இல்லை. பற்றிய பிறகு இழுப்பு ஐம்பது அறுபது வாட்தான். ஃபேன் நின்றால் கிண்ணத்துத் தீ திருகுத்தண்டு வழியாகப் பின்னோக்கிப் பெல்லட் பெட்டிக்குள் ஏறும் என்பதால் இதை நான் வற்புறுத்தித்தான் செய்ய வைத்தேன்.

சூடு 180ஐத் தாண்டாத விஷயத்தை அப்படியே விட்டோம். தோல் முறுகலுக்குக் கடைசியில் சிரட்டைக் கரியில் இரண்டு நிமிடம் காட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். மோட்டாரை மாற்றும் செலவு அப்போதைக்கு மிச்சம்.

பெல்லட் பிரச்சினை

இது இவ்வளவு பெரிய தலைவலியாக வரும் என்று யாரும் நினைக்கவில்லை. விற்றவர் கொடுத்த மூட்டைகளில் பிரித்தது ஏற்கெனவே காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தது. நல்ல பெல்லட்டை ஒடித்தால் 'டிக்' என்று ஒடியும், பளபளப்பாக இருக்கும். இது விரலில் பொடிந்தது. ஜூலை சாரலில் ஒரு வாரம் பெட்டிக்குள்ளேயே விட்டதில் ஆகர் குழாய்க்குள் மரத்தூள் சிமெண்டாக இறுகிவிட்டது, மோட்டாரைக் கழற்றி, தண்டைப் பின்னாலிருந்து மரச் சுத்தியால் தட்டி, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தோம், ஒரு காலைப்பொழுது போனது.

பிறகு மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்லருக்குப் போகும் பெல்லட்டில் ஒரு சாக்கு வாங்கி வந்தார்கள். பிரானூர் முழுக்க மர அறுவை மில், மரத்தூளுக்கா பஞ்சம், இங்கேயே செய்தால் என்ன என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. நான் வேண்டாம் என்றேன். பாய்லர் பெல்லட்டில் என்ன கலந்திருக்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது: பிளைவுட் கழிவு இருக்கலாம், பெயிண்ட் அடித்த பழைய மரம் இருக்கலாம், பூச்சி அரிக்காமல் இருக்க போரான் மருந்து ஏற்றிய ரப்பர் மரம் இருக்கலாம். உமி கலந்திருந்தால் சாம்பலே நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு, நல்ல கட்டை மரப் பெல்லட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இறைச்சி வைக்காமல் வெறும் அடுப்பில் எரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் கண்ணாடி மாதிரி உருகிய கட்டி படிந்தது, பசை எரிந்த வாடை கையில்கூட நின்றது. மீதியை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் சமையலுக்கென்றே விற்கும் பெல்லட்டை ஆன்லைனில் வரவழைத்தார்கள். கூரியரோடு கிலோ 250 ரூபாய் ஆனது. மெதுவான சூட்டில் மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல், சூடு கூட்டினால் ஒரு கிலோவைத் தாண்டும். ஆட்டுத் தொடை ஆறு மணி நேரம் என்றால் பெல்லட்டுக்கே ஆயிரம் ரூபாய். நீல டிரம்மில், வாய்க்கு ரப்பர் வளையம் போட்டு மூடி வைக்கிறார்கள், சமைத்து முடிந்ததும் பெட்டியில் மீந்ததை அள்ளி டிரம்முக்கே திருப்பிவிடுகிறார்கள். அள்ளாமல் விட்ட ஒரு நாள் குரங்கு மூடியைத் திறந்து கைப்பிடி கைப்பிடியாகத் தோப்பு முழுக்க இறைத்துவிட்டது, கடித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை போல.

அதற்குப் பிறகு

டிரான்ஸ்பார்மர் போட்டபிறகு ராத்திரியில் பற்றாமல் போனதில்லை என்று நோட்டு சொல்கிறது. தினமும் போடுவதில்லை. முதல் நாளே சொல்லி வைத்தால் மட்டும், அதுவும் அடுப்பு நிறைய வைக்கும் அளவுக்கு ஆள் இருந்தால்தான். இரண்டு கிலோ கறிக்கும் எட்டுக் கிலோ கறிக்கும் பெல்லட் செலவு பெரிதாக மாறாது.

என்ன பொருந்துகிறது என்பதும் பழகப் பழகத்தான் தெரிந்தது. நாட்டுக்கோழி இதில் சரிப்படவில்லை, கொழுப்பு இல்லாததால் வறண்டு நாராகிவிடுகிறது, அதற்குக் குழம்புச் சட்டிதான். பிராய்லர் தொடை, உள்ளே 74 டிகிரி தாண்டியதும் எடுத்துவிட வேண்டும், நன்றாக வருகிறது. ஆட்டு முன்னந்தொடையை உள்ளே 93, 94 வரை விட்டால் எலும்பிலிருந்து தானாகக் கழன்றுவிடும், பாதி வழியில் வாழையிலையில் சுற்றி வைக்கிறார் அந்தம்மா. மலைக்கு அந்தப் பக்கம் மீனைப் பொள்ளிப்பதைப் பார்த்து எடுத்த யோசனை, சாறு வெளியே போவதில்லை. மிளகு தூக்கலாக. கேட்டு வருகிறவர்கள் இதற்குத்தான் வருகிறார்கள்.

ஆட்டுக் கொழுப்பு வடியும் தட்டை ஒவ்வொரு தடவையும் துடைக்காவிட்டால் இரண்டு தொல்லை: எலி, தீ. எலி ஒரு முறை சென்சார் வயரைக் கடித்தது. கொழுப்பு ஒரு முறை லேசாகப் பிடித்தது, தண்ணீர் ஊற்றாமல் மூடியை அடைத்துக் கரண்டை எடுத்தார்கள், அடங்கிவிட்டது. அடுப்பு நிற்பது நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகைக்குள் என்பதில் எனக்கு இன்னும் திருப்தியில்லை, தகர ஷீட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மழைக்குப் பயந்து அறைக்குள் தள்ளிவைத்து எரிக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிட்டேன், கார்பன் மோனாக்சைடு வாடை காட்டாது.

மறுபடி வாங்குவதென்றால்

வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். வாங்குவேன், ஆனால் அந்த விலைக்கு இல்லை என்றார். டிரான்ஸ்பார்மர், எர்த் வேலை, இன்வெர்ட்டர் லைன், வீணான பெல்லட் எல்லாம் சேர்த்து இன்னொரு 16,000 ஆகியிருக்கிறது. தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பேரத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும். விற்கிறவர் வீட்டிலேயே, கையில் கொண்டுபோன புது பெல்லட்டைப் போட்டு, குளிர்ந்த அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்ல வேண்டும், முடிந்தால் ராத்திரி ஏழு மணிக்கு மேல். எண் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது என்பதெல்லாம் ஒரு சோதனையே இல்லை. பிளக்கில் எர்த் பின் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அந்தம்மா சொன்னது வேறு: பெல்லட் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுப்பைப் பார்க்கவே போயிருக்க வேண்டும்.

ஹாட் ராட் ஒன்று உபரியாக வாங்கி வைத்திருக்கிறார்கள், அது தேயும் பொருள். ஆகருக்கும் ஃபேனுக்கும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் தேடிக்கொண்டிருக்கிறேன், கண்ட்ரோலரின் 110 வெளியீட்டில் ரிலே வைத்து ஓட்டிவிடலாம். தண்டின் விட்டம் அளந்து வைத்தாயிற்று. சீசன் முடிந்து அறைகள் காலியானதும் பிரித்துப் பார்ப்போம்.